நாக்குக்கு அடியில் ஒரு நூல்

கவரப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் அம்மன் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, சர்ச் ஆண்டுவிழா எதுவாக இருந்தாலும் தணிகாசலம் மாஸ்டரின் ஆர்கெஸ்ட்ராதான். அந்த ஆர்கெஸ்ட்ராவில் ஏழு வருஷமாக 'ஆ' மட்டும் பாடிக்கொண்டிருந்தவள் சோனியா. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வருகிற இழுப்பு, சரணத்துக்கு நடுவில் வருகிற ஓகாரம், பல்லவி திரும்பும்போது பின்னால் கேட்கிற 'ம்ம்ம்' எல்லாம் அவளுடையவை. ஹம்மிங் என்பார்கள். மேடையில் இடது ஓரம், டிரம்ஸுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பாடகர்கள் பெயரை மாஸ்டர் மைக்கில் சொல்லுவார். ஹம்மிங் பாடுகிறவள் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கேயும் இல்லை. ஆனாலும் அந்தக் குரல் எழும்பினால் வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிற ஆள்கூட ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிடுவான்.

வார்த்தை வந்தால்தான் பேஜாரு. ல, ர, ட எல்லாம் அவள் வாயில் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் தாடையைத் தூக்கித் தூக்கி இறக்குவாள். அதனால் வாய் திறக்காது. வாய் திறக்காததால் குரல் மூக்குக்குள் போய் ஒடுங்கும். ஒருமுறை எளாவூர் செக்போஸ்ட் பக்கத்து மண்டபத்தில் வரவேற்புக் கச்சேரி. பாட வேண்டிய பெண் ரயிலை விட்டுவிட்டாள். மாஸ்டர் வேறு வழியில்லாமல் சோனியாவை நடு மைக்குக்கு அனுப்பினார். பல்லவியில் 'ராத்திரி' என்று ஒரு வார்த்தை. அது 'லாத்திலி' ஆயிற்று. முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளைத் தோழர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கோரஸாகத் திருப்பிப் பாடினார்கள். ஒருவன் செல்போனில் பிடித்தான். மறுநாள் அவள் வேலை செய்கிற கம்பெனியின் வாட்ஸப் குரூப்பிலேயே அது வந்துவிட்டது.

"வுடு சோனியா," என்றார் மாஸ்டர் அன்றைக்கு. "உன்னோட ஆ-வுக்குத்தான் ஜனம் நிக்குது. வார்த்தைய மத்தவங்க பார்த்துக்குவாங்க. நீ அத்தத் தொடாத."

அவர் பிரியத்தில்தான் சொன்னார். சோனியாவும் அதற்குப் பிறகு வார்த்தையைத் தொடவில்லை.

அவளுக்கு முப்பத்தோரு வயது. பகலில் சிப்காட்டில், கார்களுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனியில் லைனில் நிற்பாள். கலர் கலரான ஒயர் முனைகளைச் சின்னப் பிளாஸ்டிக் கூடுகளுக்குள் செருகுகிற வேலை. சரியாகப் போய் உட்கார்ந்தால் 'க்ளிக்' என்று கேட்கும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நூறு க்ளிக். புருஷன் சாம்சன், ரெண்டு ரோடு தள்ளி ஒரு வார்ப்பு ஆலையில் கிரைண்டர் பிடிப்பவன். அச்சிலிருந்து எடுத்த இரும்பின் பிசிறுகளை உரசி எடுப்பான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக இருக்கும், மிச்சமெல்லாம் கரித்தூள். அவனுடைய அக்கா ஷைனியும் புதுகும்மிடிப்பூண்டியில் அவர்களோடுதான் இருந்தாள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட ஷைனி, ஒரு கம்பெனி கேண்டீனில் நானூறு பேருக்கு சாம்பார் வைக்கிறவள். அதனால் வீட்டில் பேசும்போதும் நானூறு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

மார்ச் கடைசியில் சோனியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த நாளிலிருந்தே அது மார்பில் வாய் வைக்கும், நாலு இழுப்பு இழுக்கும், நழுவும், வீறிடும். சோனியாவுக்குக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. பதினெட்டாம் நாள் எடை பார்த்தால் பிறந்தபோது இருந்ததைவிட நூற்றைம்பது கிராம் குறைவு.

"பால் பத்தலடி உனுக்கு," என்றாள் ஷைனி. "சுறா புட்டு செஞ்சி தரேன், துன்னு."

சுறா புட்டும் பூண்டுக் குழம்பும் ஆயிற்று. பால் மாரில் கட்டிக்கொண்டு வலித்ததே தவிர குழந்தையின் வயிற்றுக்குள் போகவில்லை. வெயில் வேறு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே குழந்தை அழுதழுது சோர்ந்து கிடப்பதைப் பார்த்த சாம்சன், லீவு சொல்லிவிட்டுப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே இருந்த டாக்டரம்மா குழந்தையின் வாயில் விரல் விட்டு நாக்கைத் தூக்கினாள். உடனே, "இங்க பாருங்க," என்றாள்.

நாக்குக்கு அடியில் வெள்ளையாக ஒரு சவ்வு, நூல் மாதிரி, நுனி வரைக்கும் வந்து நாக்கை வாயின் அடிப்பக்கத்தோடு இழுத்துக் கட்டியிருந்தது.

"இந்தச் சவ்வு எல்லாருக்கும் உண்டு. இவளுக்கு நீளம் கம்மி. நாக்கு வெளிய வந்து காம்பப் புடிக்க முடியல. பால் இருக்கு, இவளால இழுக்கத்தான் முடியல."

டாக்டரம்மா சின்னக் கத்தரியை எடுத்தாள். சாம்சன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் திரும்பி முடிக்கும் முன்னால் வேலை முடிந்துவிட்டது. ரெண்டு சொட்டு ரத்தம். "உடனே பால் குடுங்க," என்றாள். குழந்தை வாய் வைத்தது. இழுத்தது. மறுபடி இழுத்தது. இந்தத் தடவை நழுவவில்லை. அதன் தொண்டையில் மடக் மடக்கென்று இறங்குகிற சத்தத்தைப் பத்தொன்பது நாளில் முதல்முறையாகக் கேட்டாள் சோனியா.

டாக்டரம்மா அவள் பேசுவதையே கவனித்துக்கொண்டிருந்தாள். "நீங்க நாக்க நீட்டுங்கம்மா பாக்கலாம்."

சோனியா நீட்டினாள். நாக்கு கீழ் உதட்டைக்கூடத் தாண்டவில்லை. மந்தாரை இலை மாதிரி நுனி நடுவில் பிளந்து நின்றது.

"பேசினா தாடை வலிக்குமா?"

"பேசனா இல்ல டாக்டர். பாடனா வலிக்கும். அர மணி நேரம் பாடனா இங்க," என்று மோவாய்க்கு அடியில் தொட்டுக் காட்டினாள், "கல்லு மாதிரி ஆய்டும். பாடறவங்க எல்லாருக்கும் அப்டித்தான்னு நெனச்சேன்."

"எல்லாருக்கும் அப்படி இல்லம்மா. உங்க பொண்ணுக்கு இருந்ததுதான் உங்களுக்கும். குடும்பத்துல வரும்."

சோனியா குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் நாக்கில் வசம்பு தேய்த்தது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுப்பி நிறுத்தி "சோம்பேறி நாக்கு, நல்லா சொல்லு" என்று மேஜையைத் தட்டியது, அவளே தன்னை சோம்பேறி என்று நம்பியது எல்லாம் வரிசையாக வந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துக்கமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பெரியவங்களுக்கும் செய்யலாமா டாக்டர்?" என்று சாம்சன்தான் கேட்டான்.

"செய்யலாம். ஆனா எல்லாருக்கும் செய்யணும்னு இல்ல. இதோடயே நல்லா பேசறவங்க, பாடறவங்க நெறைய பேரு இருக்காங்க. இவங்களுக்கு வலி இருக்கறதால மெட்ராஸ்ல காட்டுங்க. மொதல்ல பயிற்சி குடுப்பாங்க. தேவைப்பட்டாதான் மத்தது. பெரியவங்களுக்குத் தையல் போடணும், அப்புறமும் மாசக்கணக்குல பழகணும். குரல் நல்லாயிடும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க."

வீட்டில் அன்றைக்கே பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது.

"கொயந்தைக்கு செஞ்சது சரி, அது பால் குடிக்கணும்," என்றாள் ஷைனி, அரிவாள்மணையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே. "உனுக்கு இன்னாடி வந்துச்சி? முப்பத்தோரு வருசம் இந்த நாக்கோடதான சோறு துன்ன, என்கூட சண்ட போட்ட, என் தம்பிய மயக்குன?"

"அண்ணி, வலிக்குது அண்ணி."

"வலிச்சா பாடாத. யாரு உன்ன பாட சொல்லி அழுவறாங்க?"

சாம்சன் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "நீ சும்மா இரு அக்கா. சோனி, எனுக்கு இன்னா தெரியும்? நீ பாட சொல்லோ கயுத்து நரம்பு பொடச்சிக்கும். பாட்டுக்காரங்கன்னா அப்டித்தான் போலன்னு ஏயு வருசமா பார்த்துக்கினு இருந்துட்டேன். உனுக்கு வேணும்னா செய். ஆனா ஒண்ணு. அந்தக் கொரலு போச்சின்னா இன்னா பண்ணுவ?"

அதுதான் கேள்வி.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் மாஸ்டர் குழந்தையைப் பார்க்க வந்தார், கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு கவுனும். ஐம்பத்தைந்து வயது. அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்துகொண்டே கீபோர்டு கற்றவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா சொல்ற? நாக்குல கத்தி வெக்கறதா? எங்கூட அத்திப்பட்டுல ஒருத்தன் பாடிக்கினு இருந்தான். தொண்டையில சத வளந்துச்சின்னு ஆப்ரேசன் பண்ணான். அப்பால அவன் பாட்டே வேற மாதிரி ஆயி, பாட்டையே வுட்டுட்டான்."

"அது தொண்ட மாஸ்டர். இது நாக்கு."

"எல்லாம் ஒரே வாய்தான? ஆடி மாசம் பதினோரு புரோகிராம் கீது. நீ இல்லாம நான் எப்டி... சரி, அத்த வுடு. எனுக்காக சொல்லல. உனுக்கு கர்த்தர் குடுத்துருக்கற சொத்தே அந்த ஆ ஒண்ணுதான். அத்தக் கொண்டுபோய் ஏம்மா பணயம் வெக்கற?"

சோனியா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டாள். "மாஸ்டர், அந்த ஆ-வும் வலிச்சிக்கினுதான் வர்து. மேல போக சொல்லோ அடிநாக்கு பின்னால இஸ்து தொண்டைய அடைக்கும். அத்த மீறி தள்ளுவேன். நீங்க கேக்கற நல்ல எடம் எல்லாம் நான் தள்ன எடம்தான். புரோகிராம் முடிஞ்சி ஊட்டுக்கு வந்தா ரெண்டு நாளு பல்லு கடிக்க முடியாது. இட்லிய ரசத்துல கரைச்சி குடிப்பேன்."

மாஸ்டர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். "ஏயு வருசமாவா?"

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"வார்த்ததான் எனுக்கு வராதே மாஸ்டர்," என்று சோனியா சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று சாம்சனிடம் மட்டும், "ஜாக்கிரதையா பார்த்துக்கோப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வலி போனால் போதும் என்று சோனியா மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவள் அருணா. திருப்பாச்சூர்க்காரி, சோனியாவைவிட ஆறேழு வயது சின்னவள். அவள் முதல் நாளே ஒரு ஐஸ்கிரீம் குச்சியைக் கொடுத்து, பற்களுக்கு நடுவில் நிறுத்திக் கடிக்கச் சொன்னாள். "இப்ப 'லா' சொல்லுங்கக்கா. குச்சி ஆடக்கூடாது."

சோனியா 'லா' சொன்னாள். குச்சி கீழே விழுந்தது.

"பாத்தீங்களா? மேல போகவேண்டியது நாக்கு. அதால முடியாததால தாடைய தூக்கி நாக்கக் கொண்டுபோய் வெக்கறீங்க. தாடை ரெண்டு ஆளு வேலைய செய்யுது. அதான் வலி."

நாலு வாரம் பயிற்சி செய்தும் நாக்கு பாதி தூரம்தான் ஏறியது. ஜூன் கடைசியில் தேதி கொடுத்தார்கள். ஊசி போட்டு மரக்கச் செய்து, இருபது நிமிஷத்தில் சவ்வை விடுவித்து, ஐந்து தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். திரும்புகிற மின்சார ரயிலில் சோனியா வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருக்க, சாம்சன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பல்லு புடுங்கியிருக்கு," என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

அதற்கு அப்புறம்தான் கெட்ட நாட்கள் வந்தன. தையல் கரைந்து வீக்கம் வடிந்த பிறகும் நாக்கு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கட்டிப்போட்டிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்குமே, அப்படி இருந்தது. முன்னால் ஒழுங்காக வந்த எழுத்துகள்கூடக் குழறின. பத்தாம் நாள், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அடுப்பில் உலை வைத்துவிட்டு, பயந்து பயந்து ஒரு 'ஆ' எடுத்தாள். குரல் மேலே ஏறிப் பாதியில் தள்ளாடியது. இன்னொரு தரம் எடுத்தாள். மறுபடி தள்ளாடியது. அவள் எதை நம்பி இருந்தாளோ அந்த ஒன்றும் இப்போது இல்லை.

அன்றைக்குச் சீக்கிரம் வேலை முடிந்து வந்த ஷைனி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைக் கேட்டுவிட்டாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்பாள் என்று சோனியா காத்திருந்தாள். ஷைனி அடுப்பைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ணுக்கு போன் போடு. இன்னா ஏதுன்னு கேளு," என்றாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி சோனியா கேட்டதே இல்லை.

போனில் அருணா பதறவில்லை. "அக்கா, இத்தன நாளா அடிநாக்க இறுக்கிப் புடிச்சி அது மேல குரல நிக்க வெச்சீங்க. இப்ப அந்தப் புடி இல்ல. இனிமே மூச்சு மேலதான் நிக்கணும். மெதுவா, சின்னதா, தாழ்ந்த ஸ்தாயில ஆரம்பிங்க. தள்ளாதீங்க. அவசரப்படாதீங்க."

ஆடி மாதம் வந்தது. மைக்செட் சத்தம் தினமும் ஏதாவது ஒரு தெருவிலிருந்து மிதந்து வந்தது. ஒரு நாள் பெத்திக்குப்பம் பக்கமிருந்து மாஸ்டரின் ஆர்கெஸ்ட்ரா கேட்டது. அவள் பாடுகிற இடத்தில் கீபோர்டில் இருந்து ஒரு 'ஆ' வந்தது. ஒரு பட்டனில் அடங்கிவிட்டது அவள் ஏழு வருஷம். சோனியா சன்னலைச் சாத்தினாள். சாத்திவிட்டு வந்து, குச்சியைப் பல்லில் வைத்துக்கொண்டு, 'லா லா லா' என்று ஐம்பது தடவை சொன்னாள்.

வீட்டில் பயிற்சிக்கு ஆள் ஷைனிதான். அருணா கொடுத்த காகிதத்தில் இருந்த வாக்கியங்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இது இன்னா, பள்ளிக்கூடத்துப் புக்கு மாதிரி? ஸ்டேசன் பேரு சொல்லுடி. எல்லா எயுத்தும் அதுலயே கீது." அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று கீரை ஆய்ந்துகொண்டே ரெண்டு பேரும் ரயில் ஓட்டினார்கள். வேகமாகப் போகும்போது பொன்னேரியில் 'ர' வழுக்கும். "எறங்கு, மறுபடி அத்திப்பட்டுலேந்து வா," என்பாள் ஷைனி.

"'ழ' இன்னும் வரல அண்ணி."

"நம்ம ஊர்ல எவனுக்குடி 'ழ' வருது? எல்லாரும் வாயப்பயம்தான். அதுக்கு ஆஸ்பத்திரி ஒண்ணும் செய்ய முடியாது."

செப்டம்பர் கடைசியில் லீவு முடிந்து கம்பெனிக்குப் போனாள். லைனில் நின்று ஒயர் செருகும்போது ஒவ்வொரு க்ளிக்குக்கும் வாய்க்குள் ஒரு 'ர', ஒரு 'ட'. ஆயிரத்து நூறு தடவை. ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே, யோசிக்காமல், நாலு வரிப் பாட்டைப் பாடிவிட்டாள். வார்த்தையோடு. பாடி முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. தாடை அதன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. மோவாய்க்கு அடியில் தொட்டுப் பார்த்தாள். பஞ்சு மாதிரி இருந்தது. குளித்துவிட்டு வந்த சாம்சன் துண்டோடு வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தான். துண்டால் முகத்தை ரெண்டாவது தடவை துடைத்துக்கொண்டான்.

மறுவாரம் அவளே மாஸ்டர் ஒத்திகை பார்க்கும் ஷெட்டுக்குப் போனாள். "மாஸ்டர், ஒரு பாட்டு. முழுசா," என்றாள்.

அவர் கீபோர்டை ஆன் செய்தார். பல்லவி முடிந்து சரணத்துக்கு வந்தபோது சட்டென்று வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"தப்பா மாஸ்டர்?"

"இல்லம்மா. இந்த சுருதி உனுக்கு ரொம்ப கீய இருக்கு. நீ முட்டாம போற. அரக் கட்டை ஏத்தட்டுமா?"

அரைக் கட்டை ஏற்றினார். அதையும் பாடினாள். மாஸ்டர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான்தான் உன்ன வார்த்தையத் தொடாதன்னு சொன்னேன். உனுக்கு நல்லதுன்னுதான் நெனச்சேன். ஆயுத பூஜைக்கு சாம்சன் கம்பெனியில புரோகிராம் கீது. நடு மைக்கு. பாடறியா?"

அந்த ஆயுத பூஜையன்று காலையிலிருந்தே வடகிழக்குப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. வார்ப்பு ஆலையின் முற்றத்தில் ஃபோர்க்லிஃப்டுகளுக்கு வாழைக்கன்று கட்டி, கிரைண்டர்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் பொட்டலம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்குக் கச்சேரி. சாம்சன் துவைத்த யூனிபாரத்தில் மேடைக்குப் பக்கவாட்டில் நின்றான். ஷைனி குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது பாட்டு. "பாடுபவர், சோனியா," என்றார் மாஸ்டர் மைக்கில்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து நடுவுக்கு வந்தாள். முதல் வரியில் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டாவது வரியில் மூச்சு கீழே போய் உட்கார்ந்தது. பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் விழுந்தன. சரணத்தில் மேலே ஏறினாள், தள்ளவில்லை, போனாள். ரெண்டாவது சரணத்தில் ஓர் இடத்தில் 'ர' வழுக்கி 'ல' ஆயிற்று. அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரும் நிமிரவில்லை. பொரி தின்றவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு வெல்டர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். மற்றப் பாட்டுகளுக்குத் தட்டின மாதிரியே இதற்கும் கை தட்டினார்கள்.

ஷிப்டு சூப்பர்வைசர் துளசிராமன் ஒரு துண்டுச் சீட்டோடு மேடை ஓரத்துக்கு வந்தார். அவருக்கு சோனியா யார், என்ன கதை என்று எதுவும் தெரியாது. "மாஸ்டர், பசங்க இந்தப் பாட்டு கேக்கறாங்க. இப்ப பாடிச்சே, அந்தப் பொண்ணே பாடட்டும்," என்றார்.

மாஸ்டர் சீட்டைப் படித்துவிட்டு அவளிடம் நீட்டினார். "நெறைய வார்த்த கீது. வேகமான பாட்டு. முடியுமா?"

"முன்ன பாட்டுல ஒரு எயுத்து வுட்டுட்டேன் மாஸ்டர்."

"யாரும்மா கேட்டாங்க அத்த?"

"நான் கேட்டேன்." சோனியா மைக்கின் உயரத்தைத் தன் வாய்க்குச் சரிசெய்துகொண்டாள். "இதுல வுட மாட்டேன். சுருதி குடுங்க."